அசெம்ப்ளி நிரலில் கட்டளை வரி ஆர்கியுமென்ட்கள்: ஸ்டாக்கிலிருந்து ஆப்ஷன் வரை

சி மொழியில் மெயினுக்குள் நுழையும்போதே ஆர்க்சி (ஆர்கியுமென்ட்களின் எண்ணிக்கை), ஆர்க்வி (அவற்றின் பட்டியல்) இரண்டும் தயாராக இருக்கும். அசெம்ப்ளியில் எடுத்துத் தர யாரும் இல்லை. ஆனாலும் தகவல் எங்கும் போய்விடவில்லை. நிரலின் முதல் ஆணை ஓடுவதற்கு முன்பே கெர்னல் எல்லாவற்றையும் ஸ்டாக்கில் அடுக்கி வைத்துவிடுகிறது. நம் வேலை ஒரு பாயின்டர் (முகவரி) பட்டியலில் முனை வரை நடந்துபோவதுதான். அந்த நடையில் பெரும்பாலும் யாரும் தடுக்கி விழுவதில்லை. எந்த நுழைவாயிலில் நிற்கிறோம் என்பதிலும், எந்த ரெஜிஸ்டர் எப்போது அழிகிறது என்பதிலும்தான் சறுக்குகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டே போகும்.

களம் லினக்ஸ், 64 பிட் எக்ஸ்86, நாஸ்ம் அசெம்ப்ளரின் இன்டெல் நடை. மற்ற தளங்கள் பின்னால் சுருக்கமாக வருகின்றன. ஆணைகளும் ரெஜிஸ்டர் பெயர்களும் ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது அசெம்ப்ளர் அறிந்த எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டு நிரல் ஏற்கவேண்டியவை: மதிப்பு தேவையில்லாத -வி, எண் ஒன்றை எதிர்பார்க்கும் -என், அதன் நீண்ட வடிவமான --கவுன்ட்=எண், ஆப்ஷன்கள் முடிந்தன என்று சொல்லும் --, மிச்சமெல்லாம் கோப்புப் பெயர்கள்.

கெர்னல் அடுக்கிவைத்திருப்பது

நிரலை «./நிரல் -என் 5 தரவு» என்று ஓட்டினால், முதல் ஆணையின்போது ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டர்) காட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கி 8 பைட் கட்டங்களில் இப்படி இருக்கும்:

```
ஆர்எஸ்பி + 0     4  (ஆர்கியுமென்ட் எண்ணிக்கை)
ஆர்எஸ்பி + 8     "./நிரல்" சரத்தின் முகவரி
ஆர்எஸ்பி + 16    "-என்" சரத்தின் முகவரி
ஆர்எஸ்பி + 24    "5" சரத்தின் முகவரி
ஆர்எஸ்பி + 32    "தரவு" சரத்தின் முகவரி
ஆர்எஸ்பி + 40    0
ஆர்எஸ்பி + 48    முதல் சூழல் மாறியின் முகவரி
```

எண்ணிக்கையில் நிரலின் பெயரும் சேர்த்தி. பட்டியலை முடிக்கும் சுழியம் எப்போதும் 8 + 8 × எண்ணிக்கை என்ற தூரத்தில் இருக்கும். அதற்கு அடுத்த கட்டத்தில் சூழல் மாறிகளின் பட்டியல் தொடங்கி, அதுவும் ஒரு சுழியத்தில் முடியும். அதற்கும் மேலே கெர்னல் தரும் துணைத் தகவல் பட்டியல், ஒவ்வொன்றும் 16 பைட் இணைகளாக. நமக்கு அது தேவையில்லை.

கட்டங்களில் இருப்பவை முகவரிகள் மட்டும். சரங்கள் ஸ்டாக்கின் இன்னும் உயரமான பகுதியில், ஒன்றையடுத்து ஒன்றாக, ஒவ்வொன்றும் சுழியப் பைட்டில் முடிந்து கிடக்கின்றன. ஆகவே இரண்டு முறை உள்ளே போகவேண்டும்: கட்டத்தைப் படித்தால் முகவரி, அந்த முகவரியைப் படித்தால் எழுத்து. முதல் படியோடு நின்று, முகவரியையே எழுத்தாக எண்ணி, கழித்தல் குறியின் எண்ணான 45உடன் ஒப்பிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அந்த ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது.

மேற்கோள் குறிகளை நீக்குவது, நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது, இடைவெளியில் பிரிப்பது எல்லாம் ஷெல்லின் வேலை. நிரலுக்கு வருவது ஏற்கெனவே பிரித்த சரங்கள். எனவே இடைவெளியைத் தேடி நீங்கள் மறுபடி பிரித்தால், பெயரில் இடைவெளி உள்ள கோப்பு உடைந்துபோகும்.

நீளத்துக்கும் வரம்பு உண்டு. பக்க அளவு 4096 பைட்டாக உள்ள கணினியில், ஒரு தனிச் சரம் முடிவுச் சுழியத்தோடு சேர்த்து 1,31,072 பைட்டுக்குள் இருக்கவேண்டும். ஆர்கியுமென்ட்களும் சூழல் மாறிகளும் சேர்ந்து ஸ்டாக் வரம்பில் கால் பங்கைத் தாண்டக்கூடாது; வழக்கமான 8 எம்பி ஸ்டாக்கில் அது 2 எம்பி. ஆகவே சரத்தை 256 பைட் இடைச்சேமிப்பு ஒன்றுக்கு நகலெடுத்து வேலை செய்வது ஆபத்து. நகலே வேண்டாம், இருக்கும் இடத்திலேயே படியுங்கள்.

முதல் ஆணைகள்

```
_ஸ்டார்ட்:
    எக்ஸார் இபிபி, இபிபி
    மூவ் ஆர்12, [ஆர்எஸ்பி]
    லீ ஆர்13, [ஆர்எஸ்பி + 8]
    லீ ஆர்15, [ஆர்எஸ்பி + 16]
    டெஸ்ட் ஆர்12, ஆர்12
    ஜேஇ பயன்பாட்டுப்_பிழை
```

ஆர்12 எண்ணிக்கை, ஆர்13 படிக்கும் இடம், ஆர்15 எழுதும் இடம் (அது எதற்கு என்பது பின்னால்). இந்த மூன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு: ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை உள்ளவை, வேறு செயற்கூறுகளை அழைத்தாலும் மதிப்பு மாறாமல் திரும்பவேண்டிய ரெஜிஸ்டர்கள். ஆர்எஸ்ஐ, ஆர்டிஐ, ஆர்சிஎக்ஸ் போன்றவற்றில் பட்டியலின் முகவரியை வைத்தால் முதல் அழைப்போடு அது போய்விடும்.

பல பாடங்களில் பாப் ஆணையால் எண்ணிக்கையையும் முகவரிகளையும் ஒவ்வொன்றாக உருவுவார்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது. நுழையும்போது ஆர்எஸ்பி 16ஆல் வகுபடும் முகவரியில் இருக்கிறது. ஒரே ஒரு பாப் செய்தாலும் அது 8 பைட் தள்ளிப்போகும். அந்த நிலையில் சி நூலகச் செயற்கூறு ஒன்றை அழைத்தால், உள்ளே 16 பைட் சீரமைப்பை எதிர்பார்க்கும் ஆணை எதிலாவது நிரல் விழும். அழைத்தது எதுவோ அதன்மேல் சந்தேகம் வரும், உண்மைக் காரணமோ நூறு வரிக்கு மேலே இருக்கும். தவிர, பாப் செய்து காலியான கட்டங்களின் மேலேயே அடுத்த புஷ், கால் எல்லாம் எழுதும். பிழைச் செய்தியில் நிரலின் பெயரைப் போட நினைக்கும்போது அந்த முகவரி இருக்காது.

இன்னொன்று: இங்கே திரும்பும் முகவரி என்று எதுவும் இல்லை. முடிவில் ரெட் போட்டால் எண்ணிக்கையே முகவரியாக எடுக்கப்பட்டு, நிரல் 4 என்ற முகவரிக்குத் தாவி உடனே செத்துவிடும். வெளியேற ஆர்ஏஎக்ஸில் 60, ஆர்டிஐயில் வெளியேற்ற எண், பிறகு சிஸ்கால் (கெர்னலை அழைக்கும் ஆணை).

எண்ணிக்கை சுழியமா என்று ஏன் பார்க்கிறோம்? நிரலின் பெயர் எப்போதும் இருக்கும் என்பது வழக்கம்தான், உத்தரவாதம் அல்ல. ஒரு நிரல் இன்னொன்றைக் காலிப் பட்டியலோடு தொடங்க முடியும். அப்போது முதல் கட்டமே சுழியம். நாமோ பெயரைத் தாண்டுவதாக நினைத்து 8 பைட் நகர்ந்து சூழல் மாறிகளைப் படிக்கத் தொடங்கிவிடுவோம். வேறொரு பயனரின் உரிமையில் கட்டளை ஓட்டும் பிகேஎக்செக் நிரலில் 2022 ஜனவரியில் வெளியான பாதுகாப்பு ஓட்டை இதுவேதான். அதை வைத்துச் சாதாரணப் பயனர் ரூட் உரிமை பெற முடிந்தது. அதையடுத்து லினக்ஸ் 5.18இலிருந்து, காலிப் பட்டியல் வந்தால் கெர்னல் தானே ஒரு வெற்றுச் சரத்தைச் சேர்த்துவிடுகிறது. பழைய கெர்னல்கள் இன்னும் ஓடுகின்றன, அந்த இரண்டு ஆணைகளின் செலவோ ஒன்றுமில்லை.

மெயின் வழியாக நுழைந்தால்

சி நூலகத்தோடு இணைத்து, மெயின் என்ற லேபிளில் தொடங்கினால் நிலைமை வேறு. எண்ணிக்கை இடிஐயில், பட்டியலின் முகவரி ஆர்எஸ்ஐயில், சூழல் பட்டியல் ஆர்டிஎக்ஸில். இங்கே ஆர்எஸ்பி காட்டுவது திரும்பும் முகவரி. அதை எண்ணிக்கையாகப் படித்தால் ஏதோ பிரம்மாண்ட எண் கிடைக்கும். கால் ஆணை 8 பைட் தள்ளிவிட்டதால் ஸ்டாக் சீரமைப்பும் பிசகி நிற்கிறது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் புஷ் செய்தால் சரியாகும்: ஆர்பிஎக்ஸ், ஆர்12, ஆர்13 மூன்றையும் புஷ் செய்து, இடிஐயையும் ஆர்எஸ்ஐயையும் அவற்றில் நகலெடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பிரின்ட்எஃப்பை அழைத்துவிட்டு ஆர்எஸ்ஐ இன்னும் இருக்கும் என்று நம்பினால், முதல் ஆர்கியுமென்ட் அச்சாகும், இரண்டாவதில் நிரல் விழும்.

இரண்டு நுழைவாயில்களையும் கலப்பதுதான் அதிகக் குழப்பம். மெயின் எழுதி எல்டி என்ற இணைப்பியால் நேரடியாக இணைத்தால், நுழைவுக் குறியீடு கிடைக்கவில்லை என்று எச்சரித்துவிட்டு, குறிமுறைப் பகுதியின் தொடக்கத்தையே நுழைவாக எடுத்துக்கொள்ளும். அங்கே இடிஐயும் ஆர்எஸ்ஐயும் சுழியம், ஏனென்றால் கெர்னல் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்களைத் துடைத்துவிட்டுத்தான் நிரலைத் தொடங்குகிறது. மாறாக _ஸ்டார்ட் எழுதி ஜிசிசி தொகுப்பியால் சாதாரணமாக இணைத்தால், அதே பெயர் இரண்டு முறை வரையறுக்கப்பட்டதாகப் பிழை வரும். தொடக்கக் கோப்புகளை விட்டுவிடச் சொல்லும் ஆப்ஷனைச் சேர்க்கவேண்டும்.

மெயின் வழியில் வந்து பிரின்ட்எஃப் பயன்படுத்தினால், 60ஆம் சிஸ்காலால் வெளியேறாதீர்கள். நூலகத்தின் இடைச்சேமிப்பு காலி செய்யப்படாமலே நிரல் முடியும். முனையத்தில் வரும் வெளியீடு, பைப்பில் விட்டால் காணாமல் போகும்.

பட்டியலில் நடப்பது

```
அடுத்தது:
    ஆட் ஆர்13, 8
    மூவ் ஆர்எஸ்ஐ, [ஆர்13]
    டெஸ்ட் ஆர்எஸ்ஐ, ஆர்எஸ்ஐ
    ஜேஇ முடிந்தது
    சிஎம்பி பைட் [ஆர்எஸ்ஐ], 45
    ஜேஎன்இ கோப்பு
    சிஎம்பி பைட் [ஆர்எஸ்ஐ + 1], 0
    ஜேஇ கோப்பு
    சிஎம்பி பைட் [ஆர்எஸ்ஐ + 1], 45
    ஜேஎன்இ குறுகிய
    சிஎம்பி பைட் [ஆர்எஸ்ஐ + 2], 0
    ஜேஇ மீதி
    ஜேஎம்பி நீண்ட
```

45 என்பது கழித்தல் குறி. அது மட்டும் தனியாக வந்தால் ஆப்ஷன் அல்ல. வழக்கமான உள்ளீட்டிலிருந்து படி என்று பொருள்படும் கோப்புப் பெயர். இரண்டு குறி தனியாக வந்தால் ஆப்ஷன்கள் அத்தோடு முடிந்தன. இரண்டுமே யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரமான போசிக்ஸின் வழிகாட்டுதலில் உள்ளவை. கழித்தல் குறியில் தொடங்கும் பெயருள்ள கோப்பை நிரலுக்குத் தர நம்பகமான வழி இரண்டாவதுதான்; அதை ஆதரிக்காத நிரல் அரைகுறை நிரல்.

ஒப்பீடுகளின் வரிசையை மாற்றாதீர்கள். இரண்டாவது பைட் சுழியமில்லை என்று தெரிந்த பிறகே மூன்றாவதைத் தொடுகிறோம். வெற்றுச் சரம் வந்தால் முதல் ஒப்பீட்டிலேயே கோப்புக்குப் போய்விடும். வெற்றுப் பெயரைப் பிழையாகச் சொல்வதா, திறக்க முயன்று கெர்னல் தரும் பிழையைக் காட்டுவதா என்பது உங்கள் முடிவு.

முடிவுக்கு எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகாமல் சுழியப் பாயின்டரை நம்பியிருப்பதைக் கவனியுங்கள். லூப் ஆணையைப் பயன்படுத்தி ஆர்சிஎக்ஸில் எண்ணுவது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் சிஸ்கால் ஆணை ஆர்சிஎக்ஸையும் ஆர்11ஐயும் ஒவ்வொரு முறையும் அழிக்கிறது. சுழலுக்குள் எதையாவது அச்சிட்டால், ஆர்சிஎக்ஸில் எண்ணிக்கைக்குப் பதிலாக அடுத்த ஆணையின் முகவரி இருக்கும். சுழல் பட்டியலைத் தாண்டி ஓடிவிடும்.

கோப்புப் பெயர்களை எங்கே சேர்த்து வைப்பது? தனி நினைவகம் தேவையில்லை. ஆர்க்வி பட்டியல் எழுதக்கூடிய இடம்தான், எனவே அதையே சுருக்கிக்கொள்ளலாம். எழுதும் இடமான ஆர்15 ஒருபோதும் படிக்கும் இடத்தை முந்தாது.

```
கோப்பு:
    மூவ் [ஆர்15], ஆர்எஸ்ஐ
    ஆட் ஆர்15, 8
    ஜேஎம்பி அடுத்தது
மீதி:
    ஆட் ஆர்13, 8
    மூவ் ஆர்எஸ்ஐ, [ஆர்13]
    டெஸ்ட் ஆர்எஸ்ஐ, ஆர்எஸ்ஐ
    ஜேஇ முடிந்தது
    மூவ் [ஆர்15], ஆர்எஸ்ஐ
    ஆட் ஆர்15, 8
    ஜேஎம்பி மீதி
முடிந்தது:
    மூவ் க்யூவேர்ட் [ஆர்15], 0
```

இதனால் ஆப்ஷன்களும் கோப்புகளும் எந்த வரிசையில் கலந்து வந்தாலும் நிரல் ஏற்றுக்கொள்ளும். குனு நிரல்கள் பழக்கிய நடத்தை இது. போசிக்ஸ் முறைப்படி முதல் கோப்புப் பெயரோடு ஆப்ஷன்கள் நிற்கவேண்டும் என்றால், கோப்பு லேபிளின் கடைசி ஆணையை «அடுத்தது» என்பதிலிருந்து «மீதி» என்று மாற்றினால் போதும். வேறொரு கட்டளையை ஆர்கியுமென்டாக வாங்கி ஓட்டும் நிரலுக்கு இந்த இரண்டாவது முறைதான் பொருந்தும். இல்லாவிட்டால் அந்தக் கட்டளைக்கான ஆப்ஷன்களை நம் நிரல் விழுங்கிவிடும்.

ஒற்றை எழுத்து ஆப்ஷன்கள்

-விஎன்5 என்று ஒட்டி எழுதுவதையும், -வி -என் 5 என்று பிரித்து எழுதுவதையும் ஒரே குறிமுறை கையாளவேண்டும். அதற்குச் சரத்துக்குள் நடக்க ஆர்14.

```
குறுகிய:
    லீ ஆர்14, [ஆர்எஸ்ஐ + 1]
எழுத்து:
    மூவ்இசட்எக்ஸ் இஏஎக்ஸ், பைட் [ஆர்14]
    இன்க் ஆர்14
    டெஸ்ட் இஏஎக்ஸ், இஏஎக்ஸ்
    ஜேஇ அடுத்தது
    சிஎம்பி இஏஎக்ஸ், 118
    ஜேஇ விரிவாக
    சிஎம்பி இஏஎக்ஸ், 110
    ஜேஇ எண்ணிக்கை
    ஜேஎம்பி தெரியாத_ஆப்ஷன்
விரிவாக:
    மூவ் பைட் [விரிவு_ஃப்ளாக்], 1
    ஜேஎம்பி எழுத்து
எண்ணிக்கை:
    மூவ் ஆர்எஸ்ஐ, ஆர்14
    சிஎம்பி பைட் [ஆர்எஸ்ஐ], 0
    ஜேஎன்இ மதிப்பு_கிடைத்தது
    ஆட் ஆர்13, 8
    மூவ் ஆர்எஸ்ஐ, [ஆர்13]
    டெஸ்ட் ஆர்எஸ்ஐ, ஆர்எஸ்ஐ
    ஜேஇ மதிப்பு_இல்லை
மதிப்பு_கிடைத்தது:
    கால் எண்_மாற்று
    ஜேசி தவறான_எண்
    மூவ் [எண்_மதிப்பு], ஆர்ஏஎக்ஸ்
    ஜேஎம்பி அடுத்தது
```

118 சிறிய வி, 110 சிறிய என். மதிப்பு தேவைப்படும் ஆப்ஷன் வந்ததும் சரத்தின் எஞ்சிய பகுதியே மதிப்பு. எஞ்சியது எதுவும் இல்லையென்றால் அடுத்த ஆர்கியுமென்ட். அந்த அடுத்தது கழித்தல் குறியில் தொடங்கினாலும் மதிப்பாகவே எடுக்கவேண்டும். «இது ஆப்ஷன் மாதிரி இருக்கிறதே» என்று நிரல் தானாக யோசிக்கத் தொடங்கினால், எதிர்ம எண்ணைத் தருவதற்கு வழியில்லாமல் போகும். சுழியப் பாயின்டரைச் சோதிக்க மறந்தால், கட்டளை வரி -என் என்று முடியும்போது முகவரி 0ஐப் படிக்கப் போய் நிரல் விழும். மிக எளிதாக மறக்கப்படும் சோதனை இதுதான்.

பைட்டை மூவ்இசட்எக்ஸால் எடுப்பது பழக்கத்துக்காக அல்ல. ஏஎல்லில் மட்டும் மூவ் செய்தால் மேலுள்ள பிட்கள் பழைய குப்பையோடு இருக்கும். குறிநீட்டிப்புச் செய்யும் மூவ்எஸ்எக்ஸைப் போட்டால் 127க்கு மேற்பட்ட பைட்கள் எதிர்மமாகும். கட்டளை வரி ஆஸ்கியில் மட்டுமே வரும் என்று எண்ணிக்கொள்ள முடியாது. யுடிஎஃப்-8இல் «அ» என்ற ஒரே எழுத்து 224, 174, 133 என மூன்று பைட். ஆப்ஷன் எழுத்தை 256 கட்டங்கள் கொண்ட தாவல் அட்டவணைக்குச் சுட்டெண்ணாகப் பயன்படுத்துபவர்களுக்கு, 224 என்பது -32 ஆகி அட்டவணைக்கு வெளியே தாவிவிடும். அதேபோல் நீளம் என்றால் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. «கொ» போன்ற உயிர்மெய்யின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், முன்னொட்டும் பின்னொட்டுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்க முடியும். திரையில் ஒன்றுபோல் தெரியும், பைட் ஒப்பீட்டில் பொருந்தாது.

நீண்ட ஆப்ஷன்கள்

ஆப்ஷன் பெயர்களை ஒரு அட்டவணையில் வைப்பது நல்லது. ஒவ்வொரு பதிவும் 24 பைட்: பெயரின் முகவரி 8, மதிப்பு தேவையா என்ற குறிப்பு 8, கையாளும் லேபிளின் முகவரி 8. பெயர் முகவரி சுழியமான பதிவு வந்தால் அட்டவணை முடிந்தது. முகவரிகள் அடங்கிய இந்த அட்டவணையைப் படிக்க-மட்டும் பகுதியில் வைக்காமல் டேட்டா பகுதியில் வையுங்கள். இடம்பெயரக்கூடிய நிரலாக இணைக்கும்போது முகவரிகளைத் தொடக்கத்தில் திருத்தவேண்டியிருக்கும், படிக்க-மட்டும் பகுதியில் அது தகராறு செய்யும்.

ஒப்பீட்டில் ஆர்எஸ்ஐ, இரண்டு குறிகளுக்கு அடுத்த பைட்டைக் காட்டட்டும். ஆர்டிஐ அட்டவணைப் பெயரை. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பெயரின் பைட்டைப் பாருங்கள். அது சுழியமில்லை என்றால் இரு பக்கமும் ஒன்றா என்று சோதித்து, ஒன்றாக இருந்தால் இரண்டையும் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த பதிவு. பெயர் முடிந்துவிட்டால் ஆர்எஸ்ஐ காட்டும் பைட்டில் மூன்று வாய்ப்பு: சுழியம் என்றால் மதிப்பில்லாமல் பொருந்தியது, 61, அதாவது சமக்குறி, என்றால் மதிப்பு அடுத்த பைட்டில் தொடங்குகிறது, வேறெதுவானாலும் பொருந்தவில்லை. பயனர் கொடுத்த சரம் முன்பே முடிந்துவிட்டால் அதன் சுழியம் பெயரின் எழுத்தோடு பொருந்தாது, எனவே எல்லை தாண்டும் பயமில்லை.

பெயரின் நீளத்துக்கு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தும் குறிமுறையில், --கவுன்ட்டர் என்று தவறாக அடித்தாலும் --கவுன்ட் ஆக ஏற்கப்படும். மூன்றாவது வாய்ப்பைச் சோதிப்பது அதற்காகத்தான். மறுபுறம், ஒரு பதிவு பொருந்தாமல் அடுத்ததற்குப் போகும்போது ஆர்எஸ்ஐயைத் தொடக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவர மறந்தால், அட்டவணையின் முதல் ஆப்ஷன் மட்டும் வேலை செய்யும். தொடக்க முகவரியை ஆர்14இல் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பு வேண்டாத ஆப்ஷனுக்குச் சமக்குறியோடு மதிப்பு வந்தால் பிழை சொல்லுங்கள். மதிப்பு வேண்டிய ஆப்ஷனில் சமக்குறி இல்லையென்றால், மேலே எண்ணிக்கை லேபிளில் செய்ததுபோல அடுத்த ஆர்கியுமென்ட்டை எடுங்கள். குனு நிரல்களைப் போலப் பெயரைச் சுருக்கி எழுத அனுமதிப்பதற்கு, எத்தனை பதிவுகள் பொருந்துகின்றன என்று எண்ணவேண்டும். சிறு நிரலுக்கு அந்த உழைப்பு வீண்.

சரத்திலிருந்து எண்

```
எண்_மாற்று:
    எக்ஸார் இஏஎக்ஸ், இஏஎக்ஸ்
    மூவ் ஆர்8, 10
    மூவ்இசட்எக்ஸ் இசிஎக்ஸ், பைட் [ஆர்எஸ்ஐ]
இலக்கம்:
    சப் இசிஎக்ஸ், 48
    சிஎம்பி இசிஎக்ஸ், 9
    ஜேஏ எண்_பிழை
    மல் ஆர்8
    ஜேசி எண்_பிழை
    ஆட் ஆர்ஏஎக்ஸ், ஆர்சிஎக்ஸ்
    ஜேசி எண்_பிழை
    இன்க் ஆர்எஸ்ஐ
    மூவ்இசட்எக்ஸ் இசிஎக்ஸ், பைட் [ஆர்எஸ்ஐ]
    டெஸ்ட் இசிஎக்ஸ், இசிஎக்ஸ்
    ஜேஎன்இ இலக்கம்
    ரெட்
எண்_பிழை:
    எஸ்டிசி
    ரெட்
```

48ஐக் கழித்ததும் 9ஐவிடப் பெரியதா என்று குறியற்ற ஒப்பீட்டில் பார்க்கிறோம். 48க்குக் குறைவான பைட் கழித்தலில் சுற்றி வந்து பிரம்மாண்ட எண்ணாகிவிடுவதால், கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் ஒரே ஜேஏ பிடித்துக்கொள்கிறது. இங்கே ஜேஜி போட்டால் பாதிச் சோதனை போயிற்று. வெற்றுச் சரமும் இதிலேயே மாட்டுகிறது: முதல் பைட் 0, கழித்தால் எல்லைக்கு வெளியே. --கவுன்ட்= என்று எண்ணே இல்லாமல் விட்டால் அது 0 என்று ஏற்கப்படாது.

மல் ஆணையின் விடை ஆர்டிஎக்ஸ், ஆர்ஏஎக்ஸ் இரண்டிலும் பரவும். மேல்பாதி சுழியமில்லை என்றால் கேரி ஃப்ளாக் (வழிதலைக் குறிக்கும் ஒரு பிட்; ஜேசி பார்ப்பது இதைத்தான்) ஏறும். அதனால் வழிதல் சோதனை ஒரே தாவலில் முடிகிறது. ஆனால் ஆர்டிஎக்ஸில் முக்கியமான எதையும் வைத்திருக்கக்கூடாது. வெற்றியோடு திரும்பும்போது கேரியைத் தனியாக இறக்கவில்லை என்று தோன்றலாம். கடைசியாக ஓடிய டெஸ்ட் அதை எப்போதும் 0 ஆக்கிவிடுகிறது. டெஸ்டுக்கும் ரெட்டுக்கும் இடையே பின்னாளில் ஒரு ஆட் நுழைந்தால் இந்த ஒப்பந்தம் உடையும், குறிப்பெழுதி வையுங்கள்.

எதிர்ம எண் வேண்டுமென்றால் முதல் பைட் 45ஆ என்று பார்த்து, நினைவில் வைத்து, தாண்டி, முடிவில் நெக் செய்யுங்கள். அப்போது வரம்பும் பாதியாகிறது.

பிழைச் செய்தியும் வெளியேறலும்

பிழைச் செய்திகள் எண் 2 வழியாக, அதாவது பிழை வெளியீட்டில், போகட்டும். ரைட் சிஸ்காலுக்கு ஆர்ஏஎக்ஸ் 1, ஆர்டிஐ 2, ஆர்எஸ்ஐ சரம், ஆர்டிஎக்ஸ் நீளம். ஆர்கியுமென்ட்டின் நீளம் எங்கும் சேமிக்கப்படவில்லை, சுழியம் வரை எண்ணித்தான் தெரிந்துகொள்ளவேண்டும். பிழைக்குக் காரணமான சரத்தை அப்படியே காட்டுங்கள். «தவறான ஆப்ஷன்» என்று மொட்டையாகச் சொல்வது, பத்து ஆர்கியுமென்ட் கொடுத்தவருக்கு எந்த உதவியும் செய்யாது. பயன்பாட்டுப் பிழைக்கு வெளியேற்ற எண் 2 பரவலான வழக்கம். பிஎஸ்டி மரபில் 64.

ஒரு பொறி: 64 பிட் நிரலில் பழைய 128ஆம் இன்டரப்ட் வழியாக அச்சிடுவது. அது முகவரியின் கீழ் 32 பிட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். டேட்டா பகுதியில் உள்ள உங்கள் சொந்தச் செய்தி தாழ்வான முகவரியில் இருப்பதால் ஒழுங்காக அச்சாகும். ஆர்கியுமென்ட் சரமோ ஸ்டாக்கின் உயரத்தில் இருப்பதால் ரைட் -14 என்ற பிழையைத் திருப்பும், திரையில் எதுவும் வராது, நிரலும் விழாது. «செய்தி வருகிறது, ஆர்கியுமென்ட் மட்டும் வரவில்லை» என்றால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான்.

மற்ற தளங்கள்

32 பிட் லினக்ஸில் அமைப்பு அதேதான், கட்டம் மட்டும் 4 பைட். அங்கே 128ஆம் இன்டரப்ட்தான் சரி. ரைட் 4, வெளியேற 1.

ஆர்ம்64 லினக்ஸிலும் எஸ்பி எண்ணிக்கையையே காட்டும். சிஸ்கால் எண் எக்ஸ்8இல், ரைட் 64, வெளியேற 93. எஸ்பியை அடிமுகவரியாகப் பயன்படுத்தும்போது அது 16ஆல் வகுபடவேண்டும் என்று வன்பொருளே கட்டாயப்படுத்தும். எனவே எக்ஸ்19 போன்ற ரெஜிஸ்டருக்கு நகலெடுத்து அதை நகர்த்துங்கள். ரிஸ்க்-5இலும் அதே 64, 93. எண் ஏ7இல் போகும். பைட் படிக்க எல்பியூ, குறிநீட்டும் எல்பி அல்ல.

விண்டோஸ் முற்றிலும் வேறு. அங்கே ஸ்டாக்கில் பட்டியல் எதுவும் இல்லை; முழுக் கட்டளை வரியும் பிரிக்கப்படாத ஒரே சரமாகக் கிடைக்கிறது. கெட்கமாண்ட்லைன்டபிள்யூ அதன் முகவரியைத் தரும், ஷெல்32 நூலகத்தின் கமாண்ட்லைன்டுஆர்க்விடபிள்யூ பிரித்துத் தரும், முடிந்ததும் லோக்கல்ஃப்ரீ. கையால் பிரிப்பதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம், ஏனெனில் பின்சாய்கோட்டு விதி வழுக்கும்: மேற்கோள் குறிக்கு முன் இரட்டைப்படை எண்ணிக்கையில் பின்சாய்கோடு இருந்தால் பாதியாகி மேற்கோள் எல்லையாகும், ஒற்றைப்படை என்றால் மேற்கோள் குறி சாதாரண எழுத்தாகும். எழுத்துகள் 2 பைட் அலகுகள், எனவே மேலே உள்ள எல்லா பைட் ஒப்பீடுகளும் வேர்ட் ஒப்பீடுகளாக மாறவேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கு முன்பும் 32 பைட் நிழல் இடம் ஒதுக்க மறவாதீர்கள். நட்சத்திரக் குறியை அங்கே ஷெல் விரிக்காது.

டாஸில் நிரல் முன்னொட்டுப் பகுதியின் 128ஆம் பைட்டில் நீளம், 129இலிருந்து சரம், முடிவில் 13. நீளத்தில் அந்த 13 சேராது. பெரும்பாலும் முதல் எழுத்து இடைவெளியாக இருக்கும்.

சோதிப்பது

பிழைதிருத்தியான ஜிடிபியில் ஸ்டார்ட்ஐ கட்டளை முதல் ஆணையிலேயே நிறுத்தும். அங்கே ஆர்எஸ்பியிலிருந்து எட்டு 8 பைட் கட்டங்களைக் காட்டச் சொன்னால், தொடக்கத்தில் கொடுத்த படம் அப்படியே தெரியும். தெரியாவிட்டால் நிறுத்திய இடம் தவறு. ஜிடிபி தன் பங்குக்கு வரி, நெடுவரிசை அளவுகளைச் சூழல் மாறிகளாகச் சேர்ப்பதால், ஸ்டாக் முகவரிகள் வெளியே ஓடும்போது இருப்பவையோடு ஒத்துப்போகாது. நிரலின் சிஸ்கால்களைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸின் முதல் வரி, ஷெல் பிரித்த பிறகு நிரலுக்கு உண்மையில் என்ன போனது என்பதைக் காட்டும். மேற்கோள் குறிக் குழப்பங்களில் பாதி அங்கேயே தெளியும்.

குறைந்தபட்சம் இவற்றை ஓட்டிப் பாருங்கள்: ஆர்கியுமென்ட் எதுவுமில்லாமல்; வெற்று மேற்கோள்; தனிக் கழித்தல் குறி; தனி இரட்டைக் குறி, அதன்பின் -வி (கோப்பாகவே வரவேண்டும்); கடைசியில் -என்; -என்5; -என் 5; -விஎன்5; -என்வி (எண் பிழை); --கவுன்ட்=; --கவுன்ட்டர்=5; எண்ணாக 18446744073709551615, இது ஏற்கப்படவேண்டும்; அதைவிட ஒன்று கூடிய 18446744073709551616, இது மறுக்கப்படவேண்டும். இந்தக் கடைசி இரண்டில் முதலாவது மறுக்கப்பட்டால் வழிதல் சோதனை குறியுள்ள கணக்கில் நடக்கிறது. இரண்டாவது 0 என்று ஏற்கப்பட்டால் ஆட் ஆணைக்குப் பின் உள்ள ஜேசி விடுபட்டிருக்கிறது.